எந்தக் கடலோர ஊரில் முதலில் சோதிப்பது? குழந்தைகளின் ஈய நச்சு ஆபத்தைப் புள்ளியியலால் கண்டறிவதற்கு ஒரு வழிகாட்டி

குழந்தையின் உடலில் ஈயம் சேர்ந்திருப்பதைப் பெற்றோரோ ஆசிரியரோ பார்த்துச் சொல்லிவிட முடியாது. படிப்பில் பின்தங்குதல், கவனச் சிதறல், சோகை, பசியின்மை, மலச்சிக்கல் என அதன் அறிகுறிகள் அனைத்தும் வேறு காரணங்களாலும் வரக்கூடியவை; பெரும்பாலான குழந்தைகளிடம் அறிகுறியே இருப்பதில்லை. இரத்தத்தைச் சோதித்தால்தான் உண்மை தெரியும். ஆனால், தொண்டி, நம்புதாழை, மோர்ப்பண்ணை தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரை நீளும் ராமநாதபுரம் கடற்கரையில் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தச் சோதனையைச் செய்வதற்கு ஆளும் பணமும் கருவியும் போதுமான அளவில் இல்லை. ஆகவே எந்த ஊரில், எந்தக் குடியிருப்பில் முதலில் சோதிப்பது என்ற முடிவை யாரோ ஒருவர் எடுத்தாக வேண்டும். அந்த முடிவை ஊகத்திற்கு விடாமல் கணக்கின் துணையோடு எடுப்பது எப்படி என்பதை, இத்துறைக்குப் புதிதாக வரும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் புள்ளியியல் மாணவர்களுக்கும் தொண்டு நிறுவன ஊழியர்களுக்கும் இக்கட்டுரை விளக்குகிறது.

இது பெருநகரத்துச் சிக்கல் மட்டுமே என்று எண்ணி ஒதுக்குவதற்கில்லை. யூனிசெஃப் நிறுவனமும் பியூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் சுமார் 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளிடம் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரி அளவு 11.4 மைக்ரோகிராமாக இருந்தது. பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000-ஆம் ஆண்டிலேயே நாடு முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்ட பிறகும் இந்த நிலை இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஈயம் உடலுக்குள் வருவதற்கு வேறு வழிகள் இன்னும் திறந்தே இருக்கின்றன.

எந்த அளவை எல்லையாகக் கொள்வது

கணக்கைத் தொடங்குமுன் எந்த அளவுக்கு மேல் இருந்தால் ‘உயர்ந்த அளவு’ என்று பதிவு செய்யப் போகிறோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி, அதைக் குழந்தையிடமிருந்து விலக்க வேண்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1991-இல் 10 என்றும், 2012-இல் 5 என்றும், 2021-இல் 3.5 என்றும் தன் எல்லையைப் படிப்படியாகக் குறைத்து வந்திருக்கிறது. இவற்றுள் எதற்கும் ‘இதற்குக் கீழே இருந்தால் தீங்கில்லை’ என்ற பொருள் கிடையாது. தீங்கற்ற அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை. ராமநாதபுரம் போன்ற இடத்தில் முதல் கட்டமாக 5-ஐ எல்லையாக வைத்துக்கொள்வது பொருத்தம் என்பது என் கருத்து. ஒப்பீட்டுக்கு உதவும் என்பது ஒரு காரணம். களத்தில் பரவலாகப் பயன்படும் விரல்நுனி இரத்தச் சோதனைக் கருவியான லெட்கேர் 2, 3.3-க்குக் கீழே உள்ள அளவுகளைக் காட்டாது என்பதால் 3.5 என்ற எல்லை கருவியின் கடைக்கோடியில் போய் நிற்கிறது என்பது இன்னொரு காரணம். எந்த எல்லையை எடுத்தாலும், சோதனையில் வந்த எண்ணை அப்படியே பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். ‘உயர்வு’, ‘இயல்பு’ என்று மட்டும் குறித்து வைத்த பதிவேட்டை நாளைக்கு எல்லை மாறும்போது மறுபடி பயன்படுத்த முடியாது.

நம் கரையில் ஈயம் எங்கிருந்து வரும்

அமெரிக்காவில் ஆபத்து வரைபடம் வரைபவர்கள் பெரும்பாலும் இரண்டு தகவல்களையே நம்புகிறார்கள்: வீடு எந்த ஆண்டு கட்டப்பட்டது, அந்தக் குடும்பம் ஏழ்மையில் உள்ளதா. அங்கு வீடுகளுக்கு ஈயப் பெயின்ட் அடிப்பது 1978-இல் தடை செய்யப்பட்டது. எனவே பழைய வீடும் வறுமையும் சேரும் இடத்தில் உதிரும் பெயின்ட்டும் அதைத் தின்னும் குழந்தையும் இருப்பதற்கான வாய்ப்பு அதிகம். அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தவறான ஊருக்குத்தான் போய்ச் சேருவோம். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டின் வயது கேட்கப்படுவதில்லை. கூரை, சுவர், தரை ஆகியவை எவற்றால் ஆனவை என்றுதான் கேட்கப்படுகிறது. பெயின்டே அடிக்காத ஓலைக் குடிசையில் வாழும் குழந்தைக்கு ஈயம் வேறு வழியில் வரலாம். ஆகவே உள்ளூரில் ஈயம் புழங்கும் இடங்களை நாமே பட்டியலிட வேண்டும்.

கடலோரத்தில் முதலில் பார்க்க வேண்டியது வலை. வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டுகளை வீட்டிலோ வீட்டை ஒட்டியோ உருக்கி வார்க்கும் பழக்கம் அந்த ஊரில் உண்டா, உண்டென்றால் எந்தப் பாத்திரத்தில், எந்த அடுப்பில், பிள்ளைகள் அருகில் இருக்கும்போதா என்று கேட்க வேண்டும். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் சாதாரண விறகு அடுப்பே அதற்குப் போதும். அதன் புகையும் சாம்பலும் தரையில் படியும் தூசியும் தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். கேட்கும்போது ஒரு குண்டைக் கையில் எடுத்துச் சென்று காட்டிக் கேட்பது நல்லது. ஈயம் என்று மட்டும் சொன்னால், பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயத்தை நினைத்துக்கொண்டு பதில் சொல்பவர்கள் இருப்பார்கள்.

அடுத்தது பேட்டரி. விளக்குக்காகவும் கருவிகளுக்காகவும் படகுகளிலும், இன்வெர்ட்டருக்காக வீடுகளிலும், வண்டிகளிலும் உள்ள ஈய-அமில பேட்டரிகள் பழுதான பின் எங்கே போகின்றன என்று தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும். பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்குப் போனால் கவலை குறைவு. பழைய இரும்புக் கடையின் பின்புறத்தில் உடைக்கப்பட்டாலோ உருக்கப்பட்டாலோ, அந்த இடத்தைச் சுற்றியுள்ள மண் பல ஆண்டுகளுக்கு ஈயத்தைத் தாங்கியிருக்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்களையே பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறப் பொறுப்பாக்குகின்றன என்றாலும், பதிவேட்டில் வராத சிறு இடங்களை நடந்து போய்த்தான் கண்டுபிடிக்க முடியும்.

மூன்றாவது படகுப் பெயின்ட். வீட்டு உபயோகப் பெயின்ட்டிலும் அலங்காரப் பெயின்ட்டிலும் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆனால் தொழிற்துறைப் பெயின்ட்டுகள் அந்த விதிக்குள் வரவில்லை. எனவே படகைச் சுரண்டிப் புதிதாகப் பூசும் இடங்களின் மண்ணையும், அங்கே விளையாடும் பிள்ளைகளையும் தனிக் கவனத்தில் வைக்க வேண்டும். இவை தவிர, நிறம் கூட்டுவதற்காக லெட் குரோமேட் என்ற ஈய நிறமி கலந்த மஞ்சள்தூள், சுர்மா போன்ற சில கண்மைகள், தரம் தெரியாத உலோகப் பாத்திரங்கள், சில பாரம்பரிய மருந்துகள் ஆகியவையும் வினாத்தாளில் இடம்பெற வேண்டும். இவை ஊரைப் பொறுத்து அமையாமல் குடும்பத்தைப் பொறுத்து அமைபவை என்பதால் வரைபடத்தில் தெரிய மாட்டா. வீட்டு விசாரணையில்தான் வெளிப்படும்.

ஊட்டச்சத்து நிலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்குச் சோகை உள்ளது. அங்கன்வாடியின் எடைப் பதிவேடும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சோகைப் பதிவேடும் ஏற்கெனவே கையில் உள்ள தரவுகள். அவற்றுக்காகத் தனியே செலவழிக்க வேண்டியதில்லை.

எந்த எல்லைக்குள் எண்ணுவது

புதிதாக வருபவர்கள் மிக எளிதாகத் தாண்டிச் செல்லும் படி இதுதான்; முடிவைத் தலைகீழாக்கக்கூடியதும் இதுதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளின்ட் நகரில் 2014-இல் குடிநீர் ஆதாரம் மாற்றப்பட்டபின் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியது. அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொண்டு கணக்கிட்டபோது, நகரத்துக்கு வெளியே வேறு தண்ணீர் குடிக்கும் வீடுகளும் அதில் கலந்துவிட்டதால் அந்த உயர்வு மங்கிப்போனது. குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷாவும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு குழந்தையின் முகவரியையும் வரைபடத்தில் குறித்துக் கணக்கிட்டார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வில், 5 மைக்ரோகிராமுக்குக் குறையாத அளவுடைய குழந்தைகளின் விகிதம் நகர் முழுவதும் 2.4 விழுக்காட்டிலிருந்து 4.9 ஆகவும், தண்ணீரில் ஈயம் மிகுந்திருந்த பகுதிகளில் 4.0-இலிருந்து 10.6 ஆகவும் உயர்ந்திருந்தது தெரியவந்தது.

நம் கடற்கரையிலும் இதே சிக்கல் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருவாய்க் கிராமத்தை அலகாகக் கொள்கிறது. கரையோரத்தில் நெருக்கமாக வாழும் மீனவர் குடியிருப்பும், உள்ளே தள்ளி வயல்களோடும் பனைகளோடும் உள்ள குடியிருப்பும் ஒரே வருவாய்க் கிராமத்தின் பெயரில் அடங்கிவிடலாம். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கரையில் உள்ள ஆபத்து உள்ளே தள்ளியிருக்கும் குடியிருப்பின் எண்ணிக்கையில் கரைந்துபோகும். ஆகவே குடியிருப்பு, அதாவது மக்கள் தங்கள் ஊர் என்று சொல்லிக்கொள்ளும் அந்தச் சிறிய அலகே, நம் கணக்கின் அலகாக இருக்க வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2005, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நடத்திய கடல் மீனவர் கணக்கெடுப்புகள் மீனவக் கிராமத்தை அலகாகக் கொண்டவை. 1947-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் மண்டல மையம் ஒன்று மண்டபத்தில் இயங்குகிறது. குடும்பங்களின் எண்ணிக்கைக்கும் தொழில் விவரத்துக்கும் அதையும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கைக்கு அங்கன்வாடிப் பதிவேட்டையும் எடுத்துக்கொள்ளலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு நம்ப வேண்டாம். அப்போது பிறந்தவர்கள் இன்று மேல்நிலை வகுப்பை நெருங்கிவிட்டார்கள்.

யாரை, எப்போது சோதிப்பது

ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளே முதல் இலக்கு. எதையும் வாயில் வைக்கும் வயது அது; உட்கொண்ட ஈயத்தில் பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கு வரை அவர்களின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். மருத்துவமனைக்குத் தாமாக வந்த குழந்தைகளின் முடிவுகளை மட்டும் வைத்து ஊரை எடைபோடக் கூடாது. நோயுற்றவர்கள், வசதி உள்ளவர்கள், பேருந்து வசதியுள்ள ஊரில் வாழ்பவர்கள் அங்கே கூடுதலாக இருப்பார்கள். அங்கன்வாடிப் பட்டியலை எடுத்து, 60 பெயர்கள் இருந்து 12 பேர் வேண்டுமென்றால், முதல் ஐந்து பெயர்களில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்து அதிலிருந்து ஒவ்வொரு ஐந்தாவது பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் பெயரே இல்லாத குழந்தைகள், குறிப்பாக வேறு மாவட்டத்திலிருந்தும் வேறு மாநிலத்திலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பத்தினர், எத்தனை பேர் என்பதையும் விசாரித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை குழந்தைகள் தேவை என்பதற்கு ஒரு எளிய கணக்கு. ஓர் ஒன்றியத்தின் கடலோரப் பகுதியில் 20 விழுக்காடு இருக்கலாம் என்று எதிர்பார்த்து, அதைக் கூடவோ குறையவோ 8 விழுக்காட்டுக்குள் அறிய விரும்பினால், 1.96-இன் வர்க்கத்தை 0.2, 0.8 ஆகியவற்றால் பெருக்கி, 0.08-இன் வர்க்கத்தால் வகுத்தால் 96 வரும். ஆனால் நாம் சில குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்குள் குழந்தைகளைச் சோதிக்கிறோம். ஒரே ஊர்க் குழந்தைகள் ஒரே மண்ணில் விளையாடுவதால் ஒருவர் முடிவும் மற்றவர் முடிவும் ஒத்துப்போகும். அந்த ஒற்றுமைக்கு ஈடாக எண்ணிக்கையை ஏறத்தாழ இரு மடங்காக்கி 192 என்று கொள்வது பாதுகாப்பானது.

சோதிக்கும் மாதத்தைப் பற்றிப் பொதுவான கையேடுகள் பேசுவதில்லை. நம் கரையில் அது மிக முக்கியம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதும், வலைகளைச் சீர்செய்வதும் அந்தக் காலத்தில்தான் கூடுதலாக நடக்கும். பள்ளி விடுமுறையும் அதனுடன் சேர்ந்து வருவதால் பிள்ளைகள் கரையிலேயே இருப்பார்கள். இரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எனவே ஓர் ஊரை ஜூனிலும் மற்றோர் ஊரை டிசம்பரிலும் சோதித்து இரண்டையும் ஒப்பிட்டால், ஊர்களின் வேறுபாட்டையும் பருவத்தின் வேறுபாட்டையும் பிரித்தறிய முடியாது. எல்லா ஊர்களையும் ஒரே நான்கைந்து வாரங்களுக்குள் சோதிக்க வேண்டும். முடியாவிட்டால் ஒவ்வொரு ஒன்றியத்திலும் பாதி ஊர்களை ஒரு பருவத்திலும் மறுபாதியை அடுத்த பருவத்திலும் கலந்து சோதிக்க வேண்டும்.

விரல்நுனியில் இரத்தம் எடுக்கும்போது குழந்தையின் கையைச் சோப்பினால் நன்றாகக் கழுவாவிட்டால், தோலில் ஒட்டிய தூசியே உயர்ந்த எண்ணைக் காட்டிவிடும். ஈயம் புழங்கும் வீட்டுக் குழந்தைக்கே இது அதிகம் நேரும் என்பதால் பிழை ஒரு பக்கமாகவே சாயும். ஆகவே 5-ஐத் தொட்ட ஒவ்வொரு முடிவையும் சிரை எனப்படும் இரத்தக் குழாயிலிருந்து எடுத்த இரத்தத்தால் ஆய்வகத்தில் உறுதிசெய்த பின்னரே கணக்கில் ஏற்ற வேண்டும்.

சிறிய எண்களைக் கையாளும் முறை

சோதனை முடிவுகள் வந்தவுடன் சராசரி எடுக்கத் தோன்றும். ஐந்து குழந்தைகளின் அளவுகள் 2, 3, 3, 4, 40 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுச் சராசரி 10.4; நடுவில் உள்ள எண்ணோ 3. ஒரே குழந்தையின் 40 மற்ற நால்வரையும் மறைத்துவிட்டது. ஈய அளவுகள் பெரும்பாலும் இப்படித்தான் ஒரு பக்கம் நீண்ட வாலுடன் அமையும். ஐந்தையும் பெருக்கி ஐந்தாம் மூலம் எடுக்கும் பெருக்குச் சராசரி ஏறத்தாழ 4.9 என வரும். ஊரின் பொது நிலையைச் சொல்ல அதுவே ஏற்றது. அந்த 40-ஐ மறந்துவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று: அந்தக் குழந்தையின் வீட்டுக்கு அன்றே போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 45-ஓ அதற்கு மேலோ உள்ள குழந்தைகளுக்கு ஈயத்தை வெளியேற்றும் மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. 40 அதற்கு மிக அருகில் உள்ள எண். கருவி காட்டாத அளவுகளுக்குச் சுழியம் என்று எழுதுவது தவறு. அப்படிப்பட்டவை சிலவே இருந்தால், கருவியின் எல்லையான 3.3-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்து வரும் 2.3-ஐ எழுதலாம்; பாதிக்கு மேல் அப்படி இருந்தால் சராசரியைக் கைவிட்டு, 5-ஐத் தொட்டவர்களின் விழுக்காட்டை மட்டும் தெரிவிக்க வேண்டும்.

விழுக்காட்டிலும் ஒரு பொறி உண்டு. எடுத்துக்காட்டாக, முதல் ஊரில் 10 குழந்தைகளைச் சோதித்ததில் 3 பேருக்கும், இரண்டாம் ஊரில் 200 குழந்தைகளைச் சோதித்ததில் 40 பேருக்கும் உயர்ந்த அளவு இருந்ததாகக் கொள்வோம். 30 விழுக்காடு, 20 விழுக்காடு என்று எழுதினால் முதல் ஊரே ஆபத்தானதாகத் தோன்றும். ஆனால் வில்சன் முறையில் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளியை, அதாவது உண்மை விகிதம் அடங்கியிருக்கும் என்று நம்பத்தக்க வரம்பைக் கணக்கிட்டால், முதல் ஊரின் உண்மை விகிதம் 11 முதல் 60 விழுக்காடு வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டாம் ஊருடையது 15 முதல் 26 வரை. முதல் ஊரைப் பற்றி நமக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது என்பதுதான் இதன் பொருள்.

இதைச் சமன் செய்ய, ஒவ்வோர் ஊரின் விகிதத்தையும் முழுப் பகுதியின் விகிதத்தை நோக்கிச் சற்று இழுக்கும் முறை பயன்படுகிறது. அனுபவ பேய்ஸ் முறை என்று அதைச் சொல்வார்கள். முழுக் கடற்கரையின் விகிதம் 12 விழுக்காடு என்றும், அந்தப் பொதுத் தகவலுக்கு 25 குழந்தைகளின் எடை தருகிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். 25-இல் 12 விழுக்காடு 3. முதல் ஊருக்கு 3-உம் 3-உம் கூட்டி 6, 10-உம் 25-உம் கூட்டி 35, ஆக 17.1 விழுக்காடு. இரண்டாம் ஊருக்கு 43-ஐ 225-ஆல் வகுக்க 19.1 விழுக்காடு. வரிசை மாறிவிட்டது. 25 என்ற எடையை நாமாக வைத்தோம். நடைமுறையில் ஊருக்கு ஊர் விகிதம் எவ்வளவு மாறுகிறது என்பதைப் பார்த்து மென்பொருளே அதைக் கணக்கிடும். கட்டணமின்றிக் கிடைக்கும் ‘ஆர்’ என்ற புள்ளியியல் கணினி மொழியில் இதற்கான நிரல்கள் ஏற்கெனவே உள்ளன.

இதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டியது சுழியம். 15 குழந்தைகளைச் சோதித்து ஒருவருக்கும் உயர்வு இல்லை என்றால், அந்த ஊர் பாதுகாப்பானது என்று எழுதிவிடக் கூடாது. மூன்றைச் சோதித்த எண்ணிக்கையால் வகுத்தால் உண்மை விகிதத்தின் மேல்வரம்பு தோராயமாகக் கிடைக்கும். இங்கே அது 20 விழுக்காடு. ஐந்தில் ஒரு குழந்தை பாதிக்கப்பட்டிருந்தும் நம் கண்ணில் படாமல் போயிருக்கலாம். சோதனையே நடக்காத ஊரைப் பற்றியோ இந்த அளவுகூடச் சொல்ல முடியாது. அந்த ஊர்களை வரைபடத்தில் வெள்ளையாக விடுவது பெருந்தவறு என்றே நான் கருதுகிறேன். பார்ப்பவர் வெள்ளையைத் தூய்மை என்று படிப்பார். அடுத்த ஆண்டும் அங்கே யாரும் போக மாட்டார்கள். அவற்றைச் சாய்கோடுகளால் நிரப்பி, ‘சோதிக்கப்படவில்லை’ என்று தெளிவாக எழுத வேண்டும்.

சோதிக்காத ஊர்களுக்கு மதிப்பீடு

வரிசைப்படுத்தும் வேலை இங்கேதான் நடக்கிறது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஈயக்குண்டு வார்க்கும் வீடுகளின் பங்கு, பேட்டரி உடைக்கும் இடத்திலிருந்து தொலைவு, படகு பெயின்ட் அடிக்கும் இடத்திலிருந்து தொலைவு, சோகையுள்ள குழந்தைகளின் பங்கு ஆகிய நான்கையும் திரட்ட வேண்டும். இரத்த முடிவுகள் ஒன்றுமே இல்லாத தொடக்க நிலையில், ஒவ்வோர் அளவிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்து, அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் திட்ட விலக்கத்தால் வகுத்து, அருகில் இருந்தால் ஆபத்து கூடும் என்பதால் தொலைவுக்கு மட்டும் குறியை மாற்றி, நான்கையும் எடையிட்டுக் கூட்டினால் ஒரு குறியீடு கிடைக்கும். எந்த அளவுக்கு எவ்வளவு எடை என்பதை அப்போது நம் அறிவுதான் தீர்மானிக்கிறது. அதை மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும்.

முடிவுகள் வந்தபின் எடைகளைத் தரவே சொல்லட்டும். உயர்ந்த அளவு உண்டா இல்லையா என்பதை விளைவாக வைத்து, அதற்கு ஒவ்வொரு காரணியும் எவ்வளவு தொடர்புடையது என்று மதிப்பிடும் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் என்ற கணக்கைச் செய்ய வேண்டும். உயர்ந்த அளவுள்ள குழந்தைகள் 40 பேர் கிடைத்திருந்தால் நான்கு காரணிகளுக்கு மேல் சேர்க்க வேண்டாம்; காரணி ஒன்றுக்குக் குறைந்தது பத்து நிகழ்வுகள் என்பது நடைமுறை விதி. பதினைந்து காரணிகளைத் திணித்த கணித மாதிரி, இருக்கும் தரவோடு அழகாகப் பொருந்தி, புதிய ஊரில் பொய்த்துப்போகும். அதைச் சோதிக்க நம் கடற்கரையின் அமைப்பே வசதி செய்து தருகிறது: பாக் விரிகுடாப் பக்கத்து ஊர்களைக் கொண்டு மாதிரியை உருவாக்கி, மன்னார் வளைகுடாப் பக்கத்து ஊர்களில் அது சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கலாம், பிறகு பக்கத்தை மாற்றிச் செய்யலாம். சரிபார்க்கும்போது, உண்மையில் ஆபத்துள்ள ஊர்களில் எத்தனையை மாதிரி பிடித்தது என்பதற்கே முதலிடம் தர வேண்டும். தேவையில்லாத ஓர் ஊருக்குச் சென்றால் ஒரு நாள் போகும். ஆபத்துள்ள ஊரைத் தவறவிட்டால் அங்குள்ள குழந்தைகளின் மூளை வளர்ச்சியில் திரும்பப் பெற முடியாத இழப்பு நேரும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. ஈயக்குண்டு வார்க்கும் ஊர்களில் விகிதம் அதிகம் என்று தெரிந்தால், வார்க்கும் வீட்டுக் குழந்தைதான் பாதிக்கப்பட்டது என்று ஆகிவிடாது. அடுத்த வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். ஊரளவில் கண்ட தொடர்பை வீட்டளவில் நிறுவ வீட்டு விவரங்கள் வேண்டும்.

வரைபடம்

கட்டணமில்லாத க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளே இதற்குப் போதும். கைப்பேசியில் ஒவ்வொரு குடியிருப்பின் நடுப்புள்ளியையும் குறித்துக்கொண்டால் வேலை பாதி முடிந்தது. கடற்கரைக்கே உரிய சில கவனங்கள் உண்டு. வட்டம் போட்டு அடர்த்தி கணக்கிட்டால் வட்டத்தில் பாதி கடலாக இருக்கும். அந்தப் பரப்பைக் கழிக்க வேண்டும். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நேர்கோட்டுத் தொலைவு குறைவு, ஆனால் பிள்ளைகள் பாலம் கடந்து போய் விளையாடுவதில்லை. எனவே ‘அண்டை ஊர்’ என்பதைக் கரையோரமாக நடக்கும் தொலைவைக் கொண்டு வரையறுக்க வேண்டும். உருக்கும் இடத்தின் புகை மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு திசையிலும் வடக்கிலிருந்து வாடை வீசும் மாதங்களில் வேறு திசையிலும் போகும் என்பதால், எல்லாப் பக்கமும் சம தொலைவு சம ஆபத்து என்று கொள்வதும் சரியாகாது. ஆபத்து ஒன்றாகத் திரண்டிருக்கும் இடங்களைக் கண்டறிய மார்ட்டின் குல்டார்ஃப் உருவாக்கிய தேடல் முறையும் அதற்கான சாட்ஸ்கேன் மென்பொருளும் உதவும். அதில் வட்டத்துக்குப் பதில் நீள்வட்டத்தைத் தேர்ந்தெடுப்பது, நீண்டு குறுகிய நம் கரைக்குப் பொருந்தும்.

ஒப்புதலும் மறைப்பும்

இரத்தம் எடுப்பதற்குமுன் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும், பெற்றோர் புரிந்துகொண்டு தரும் எழுத்து ஒப்புதலும் கட்டாயம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குழந்தையின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கோருகிறது. முடிவை முதலில் அறிய வேண்டியவர் தாயும் தந்தையும்தான். அறிக்கை அச்சாகும்வரை அவர்களைக் காத்திருக்க வைப்பது அநீதி. பொது வரைபடத்தில், உயர்ந்த அளவுள்ள குழந்தைகள் ஐந்து பேருக்கும் குறைவாக உள்ள குடியிருப்பின் எண்ணிக்கையை அச்சிடக் கூடாது. சிறிய ஊரில் மூன்று என்றாலே எந்தெந்த வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ‘ஈய ஊர்’ என்ற பெயர் விழுந்தால் மீன் விலையிலும் திருமணப் பேச்சிலும் அது எதிரொலிக்கும் என்ற ஊராரின் அச்சம் நியாயமானது. வரைபடத்தை வெளியிடுமுன் ஊர்க் கூட்டத்தில் விரித்துக் காட்டி, தவறான இடங்களைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். பேட்டரி எங்கே உடைக்கப்படுகிறது என்பதை அவர்கள்தான் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

மறுமுறை அளக்கும்போது

முதலிடம் பெற்ற ஊர்களில் ஈயம் வார்ப்பதைக் குடியிருப்புக்கு வெளியே மாற்றியோ, மண்ணை அகற்றியோ, தாய்மார்களுக்குக் கைகழுவலையும் இரும்புச்சத்து உணவையும் எடுத்துச் சொல்லியோ பணி செய்தபின், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். அப்போது விகிதம் குறைந்திருந்தால் அது முழுவதும் நம் பணியின் பயன் என்று உடனே எழுதிவிடக் கூடாது. மிக உயர்ந்த எண் வந்த ஊர்களைத்தான் நாம் தேர்ந்தெடுத்தோம். அவற்றில் சில தற்செயலாக உயர்ந்தவை என்பதால், எதுவுமே செய்யாவிட்டாலும் இரண்டாம் முறை சற்று இறங்கும். எலும்பில் பல ஆண்டுகள் தங்கும் ஈயம் மெல்ல இரத்தத்துக்குத் திரும்புவதால், உண்மையான முன்னேற்றம் கூட ஓராண்டில் முழுதாகத் தெரியாமலும் போகலாம். எனவே வரிசையில் அடுத்தடுத்து நின்று, ஆள் போதாமையால் அந்த ஆண்டு பணி தொடங்க முடியாமல் போன ஊர்களையும் அதே நாள்களில் சோதித்து, இரு தொகுதிகளிலும் ஏற்பட்ட இறக்கத்தின் வேறுபாட்டையே பணியின் பயனாகக் கணக்கிட வேண்டும். அந்த ஊர்களில் கண்டறியப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டு விசாரணையும் சிகிச்சையும் உடனே கிடைக்க வேண்டும் என்பதையும், ஊரளவிலான பணி அங்கே தொடங்கும் மாதத்தையும், சோதனை தொடங்கும் முன்பே திட்டத்தில் எழுதிவிட வேண்டும்.